மலை இல்லாத மேட்டுப்பாதை: தேக்கா – மெர்சிங் – குளுவாங் சைக்கிள் குறிப்புகள்

ஞாயிறு இரவு: புளோக்கின் கீழ்த்தளம்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து கிளம்பி, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் மெர்சிங், குளுவாங் வரை சுற்றித் திரும்பும் ஐந்து நாள் சைக்கிள் பயணத்தின் குறிப்புகள் இவை. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஜோகூர் தட்டையான ஊர் என்றொரு நினைப்பு உண்டு. வரைபடமும் அப்படித்தான் காட்டும். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் வரை சாலை எங்கேயும் பெரிய உயரத்துக்குப் போவதில்லை. ஆனால் ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். 25 மீட்டர் மேடு முப்பது ஏறினால் 750 மீட்டர் ஆயிற்று. புக்கித் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர்தான். அதை நான்கரை முறை ஏறிய கணக்கு. அதுவும் பின்னால் மூட்டை, வலப்பக்கம் லாரி. இந்த வழியில் ஆளைக் கவிழ்ப்பது செங்குத்து அல்ல. ஒரு மேட்டின் களைப்பு தீருமுன் அடுத்த மேடு வந்து நிற்பதும், அந்த நேரம் பார்த்துச் சாலையின் ஓரம் காணாமல் போவதும்தான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கியர். முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல் என்று கடையில் வாங்கியபடியே கிளம்புகிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 700×32 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.15 மீட்டர் ஓடும். 34/28 கியரில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் வேகம் மணிக்கு 9.4 கிலோமீட்டர். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்தால், 8 சதவீத மேட்டில் அதற்குச் சுமார் 210 வாட் வேண்டும். பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே மிதிக்கு வேகம் 7.7, தேவை சுமார் 175 வாட். இந்த 35 வாட் வித்தியாசம் முதல் மேட்டில் தெரியாது. இருபதாவது மேட்டில் முழங்கால் சொல்லும். கேசட்டை மாற்றும்போது பின் டெரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு, செயினையும் புதிய நீளத்துக்கு அளந்து போட வேண்டும். பழைய செயினையே விட்டுவிட்டுப் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லுக்குத் தவறிப்போய் மாற்றினால், டெரெய்லியரே பிய்ந்து வரும்.

டயர் 32 மில்லிமீட்டர். காற்று பின்னால் 65 பிஎஸ்ஐ, முன்னால் 55. பழைய பழக்கத்தில் 100 வரை ஏற்றினால் மூட்டையோடு வண்டி துள்ளும், மழையில் பிடிக்காது. டிஸ்க் பிரேக் பேட் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலும் இந்தப் பயணத்துக்குப் புதிதுதான் நல்லது. ஈரச் செம்மண் தூள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

பையில் போக வேண்டியவை: டியூப் 2, ஒட்டு, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கக் கெட்டித் துண்டு ஒன்று, உங்கள் செயினின் ஸ்பீடுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி 2, உங்கள் ஃபிரேமுக்கே உரிய, டெரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் (கண்ட ஹேங்கர் சேராது), கேரியருக்கு எம்5 போல்ட் 4, கேபிள் டை ஒரு கைப்பிடி, நகவெட்டி. நகவெட்டி எதற்கு என்பது புதன்கிழமைக் குறிப்பில் வரும். பின் சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்தான் முதலில் போகும். அந்தப் பக்கம் இழுவிசை அதிகம், சுமையும் பின்னால்தான் உட்காருகிறது. அங்கே இரும்பு ஸ்போக் மாட்டக் கேசட்டைக் கழற்றியாக வேண்டும், அதற்கான கருவி கனம். கெவ்லார் நூல் ஸ்போக் ஒன்று இருந்தால் கேசட்டைத் தொடாமலே அடுத்த ஊர்வரை சமாளிக்கலாம்.

கண்ணாடி ஹேண்டில்பாரின் வலது நுனியில். இங்கேயும் அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான், வண்டிகள் வலப்பக்கமாகத்தான் முந்தும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கண்ணாடியை வாங்குங்கள்.

திங்கள்: சுமையோடு சிங்கப்பூரைச் சுற்றி, சுமார் 70 கி.மீ.

ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிய பிறகு கேரியர் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பதைவிடக் கிராஞ்சியில் கண்டுபிடிப்பது மேல். அதற்காகத்தான் இந்த ஒருநாள். தேக்காவில் காலை ஆறுக்கு முன் புறப்பாடு. புக்கித் தீமா ரோடு, அப்பர் புக்கித் தீமா, உட்லண்ட்ஸ் ரோடு, கிராஞ்சி, நியோ தியூ, லிம் சூ காங், ஜாலான் பஹார், பாசிர் பாஞ்சாங், சவுத் போனா விஸ்டா வழியாகத் திரும்ப ஊருக்குள்.

சட்டத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. 2022 ஜனவரி முதல் குழுவின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: ஐந்து சைக்கிள் நீளம், அதாவது வரிசையாகப் போனால் ஐந்து பேர், ஜோடியாகப் போனால் பத்துப் பேர். ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையிலும், இயங்கும் நேரத்துப் பேருந்துத் தடத்திலும் ஒற்றை வரிசை மட்டும். அடுத்த குழுவுக்கு முப்பது மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி விடச் சொல்கிறார்கள். மீறினால் 150 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு இடமே இல்லை. கைப்பேசி வரைபடத்தைக் காருக்கான நிலையில் விட்டுவிட்டால் அது நேரே பிகேஇ எனும் புக்கித் தீமா விரைவுச்சாலைக்குள் இழுத்துப் போகும்.

அப்பர் புக்கித் தீமாவில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கும் ஏற்றம்தான் முதல் சோதனை. நெட்டுக்குத்து இல்லை. ஆனால் பேருந்து நிறுத்தங்கள், இடதுபுறம் திரும்பும் வண்டிகள், கட்டுமான லாரிகள் எல்லாம் அந்த ஏற்றத்தில்தான் கூடும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை வலப்பக்கமாக முந்தத் தொடங்கி, மேட்டில் மூச்சு முட்டி, பாதி வழியில் பேருந்து கிளம்பிவிடுவது இங்கே அன்றாடக் காட்சி. இருபது விநாடிக்குள் தாண்ட முடியாது என்று தோன்றினால் பின்னாலேயே நில்லுங்கள். காலை 7.30 முதல் 9.30 வரை பேருந்துத் தடத்தில் போவது சட்டப்படி சரிதான். அது வசதியான இடம் என்று பொருள் இல்லை. ஆறரைக்குள் ஹில்வியூவைத் தாண்டிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

(1942 பிப்ரவரி 15 அன்று சரணாகதி நடந்தது இதே தொழிற்சாலையில்தான். ஜப்பானியப் படையில் ஒரு பகுதி தீபகற்பம் முழுக்கச் சைக்கிளில்தான் வந்தது. வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போலக் கேட்டது என்றும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை நாம் திரும்பி வரும் முதலாம் எண் சாலை அவர்கள் வந்த பாதைகளில் ஒன்று.)

லிம் சூ காங்கில் மேடு இல்லை. காற்றும் கனரக லாரியும் உண்டு. சுமையோடு வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத் தோதான இடம். லாரி முந்தும்போது நடப்பது இது: முதலில் அதன் முகப்புக் காற்று உங்களை இடப்பக்கம் தள்ளும், பிறகு பக்கவாட்டில் வலப்பக்கம் உறிஞ்சும், வால் தாண்டியதும் விட்டுவிடும். மூன்றும் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். தள்ளும்போது எதிர்த்துத் திருப்பினால், உறிஞ்சும்போது நீங்களே லாரியை நோக்கிப் போவீர்கள். முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியை நேராக வைத்து, மிதித்துக்கொண்டே இருந்தால் போதும். பின்னால் பை இருந்தால் இந்த ஆட்டம் இரண்டு மடங்கு தெரியும்.

சவுத் போனா விஸ்டாவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 60 கிலோமீட்டர் ஓட்டிய காலோடு வளைவும் ஏற்றமும் ஒன்றாக வரும் சாலை இது. இங்கே உட்கார்ந்தபடியே ஏற முடிந்தால் உங்கள் கியர் சரி. எழுந்து நின்றால்தான் ஏறுகிறது என்றால் இன்று இரவே கேசட்டை மாற்றுங்கள்.

வீடு திரும்பியதும் கேரியர் போல்ட்களைத் தொட்டுப் பார்த்தால் நான்கில் இரண்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. எப்போதும் இப்படித்தான். பெயின்ட் நசுங்கி உட்காரும், அதனால் தளரும். போல்ட் தளராமல் பிடிக்கும் நீலத் திரெட்லாக் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முறுக்கினால் ஊர் திரும்பும்வரை அசையாது.

செவ்வாய்: உட்லண்ட்ஸ், கடற்பாலம், கோத்தா திங்கி, சுமார் 70 கி.மீ.

வார நாள் காலையில் கடற்பாலத்தின் நெரிசலெல்லாம் சிங்கப்பூருக்குள் வரும் பக்கம்தான். எதிர்த் திசையில் போகிறவருக்குப் பாதை காலி. மாலையில் இது அப்படியே தலைகீழ். ஆகவே வார நாளில் காலை போய், வார நாளில் மாலை திரும்புகிற சைக்கிள்காரருக்கு இரண்டு முறையும் ஓட்டத்துக்கு எதிர்த் திசை அமையும். ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை இந்தக் கணக்கு எடுபடாது. அன்று கிளம்பவே வேண்டாம்.

சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் தடம்தான். முழு முகப்பும் தானியங்கியாக உள்ள தடத்தில் நுழைந்துவிட்டுப் பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்க முழிப்பதைவிட, அதிகாரி உட்கார்ந்திருக்கும் தடத்தைத் தொலைவிலேயே பார்த்து ஒதுங்குங்கள். கடவுச்சீட்டு கேரியரில் தொங்கும் பானியர் பைக்குள் இருக்கக் கூடாது, சட்டையின் முதுகுப் பையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் அல்லது மலேசியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். குடிநுழைவு முகப்புகளின் முன்னால் தரையில் என்ஜின் எண்ணெய் படிந்திருக்கும், அதன்மேல் மழைநீரும் சேர்ந்தால் சறுக்கு மரம்தான். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், 1924இல் திறந்தது. ஜோகூர் பாருவில் சோதனைக் கட்டடத்தைவிட்டு வெளியேறியதும் பிடிக்க வேண்டியது தெப்ராவ் நெடுஞ்சாலை. கிழக்குக் கரையோடு கிளந்தான் வரை போகும் கூட்டரசு சாலை 3இன் தொடக்கம் இதுதான். இந்தப் பயணத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய முதல் 15 கிலோமீட்டரும் இதுதான்.

ஆபத்து நேர்ச்சாலையில் இல்லை. மேம்பாலங்களுக்கு அடியில் இடதுபுறம் பிரியும் கிளைகளில் இருக்கிறது. நீங்கள் நேரே போக வேண்டும், உங்களுக்கு வலப்பக்கம் வருகிறவர் எண்பதில் இடப்பக்கம் பிரிய வேண்டும். கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனால் இருபுறமும் வண்டிகளுக்கு நடுவே தீவாக நிற்பீர்கள். செய்ய வேண்டியது: பிரிவுக்கு நூறு மீட்டர் முன்பே கண்ணாடி பார்த்து, இடைவெளி இருந்தால் வலது கையை நீட்டி நேர்த்தடத்தின் இடப்பாகத்துக்குப் போய்விடுங்கள். இடைவெளி இல்லையென்றால் கிளையின் இடது ஓரமாகவே கொஞ்ச தூரம் உள்ளே போய், நின்று, வண்டி வராத நேரத்தில் குறுக்காகக் கடந்து நேர்ச்சாலைக்கு வாருங்கள். அரை நிமிடம் போகும். போகட்டும். இடதுபுறமிருந்து வந்து சேரும் கிளைகளிலும் இதே முறைதான்.

உலு திராம் தாண்டியதும் நெரிசல் குறையும், செம்பனை தொடங்கும், மேடுகளும் மெல்லத் தலைகாட்டும். அங்கங்கே மாமாக் கடைகள், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பிராட்டா, அந்தப் பக்கம் ரொட்டி சானாய், மாவு ஒன்றுதான். வெயில் ஏறும் முன்னே கோத்தா திங்கிக்கு வந்துவிடலாம். இன்றே மெர்சிங் போய்விடலாமே என்று தோன்றும். வேண்டாம். சோதனைச் சாவடியில் போன நேரத்துக்குப் பிறகு அடுத்த 90 கிலோமீட்டரை மதிய வெயிலில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. ஜோகூர் ஆற்றங்கரையில் 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்மூதின் சமாதி இருக்கிறது; மாலையில் கால் நீட்ட நடந்து போகலாம்.

புதன்: கோத்தா திங்கி – மெர்சிங், சுமார் 93 கி.மீ.

இந்த நாளுக்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். ஒரு திசைக்கு ஒரே தடம், வேக வரம்பு 90, இருபுறமும் செம்பனை, பிறகு காடு. ஜெமாலுவாங் வரை கடைகள் மிகக் குறைவு. தண்ணீர் மூன்று லிட்டர் கையிலிருக்க வேண்டும். 750 மில்லி பாட்டிலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஓர் அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்). கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு அது போதும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் பதினொரு மணிக்குத் தொடையில் பிடிக்கும்.

பொழுது விடிந்த பிறகே கிளம்புங்கள். இந்த வட்டாரத்தில் காட்டு யானை சாலையைக் கடக்கும். அதற்கான மஞ்சள் பலகைகள் அலங்காரத்துக்கு நட்டவை அல்ல. விடியலிலும் அந்தியிலும்தான் நடமாட்டம் அதிகம். சாலையில் புதுச் சாணமும் முறிந்த கிளையும் கண்டால், பின்னால் ஒரு லாரியோ காரோ வரும்வரை நின்று அதோடு கடந்து போங்கள். சைக்கிள் சத்தமே இல்லாமல் வருவதுதான் இங்கே சிக்கல்.

மேடேறும் தடங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நீளமான ஏற்றங்களில், மெதுவாகப் போகும் லாரிக்காக இடப்பக்கம் கூடுதல் தடம் போட்டிருப்பார்கள். காருக்கு அது வரம். சைக்கிளுக்கு அதுதான் வினை. அந்தத் தடத்துக்கான இடத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? சாலையின் ஓரப் பட்டையிலிருந்து. அதுவரை ஒன்றரை மீட்டர் அகலமாக வந்த தார் ஓரம், மேடு தொடங்கும் இடத்தில் ஒரு சாணாகச் சுருங்கும், சில இடங்களில் வெள்ளைக்கோட்டோடு முடிந்தே போகும். கோட்டுக்கு அப்பால் தார் விளிம்பு. அதற்குக் கீழே விரற்கடை மூன்று நான்கு பள்ளத்தில் செம்மண் சரளை. நீங்கள் 8இல் போகிறீர்கள், முக்கி முக்கி வரும் லாரி 35இல் வருகிறது, அதே தடத்தில்.

பயந்து கோட்டின் மேலேயே ஒட்டி ஓட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுமை வண்டி மேட்டில் நேர்க்கோட்டில் போகாது. ஒரு மிதிக்கு இடம், ஒரு மிதிக்கு வலம் என்று ஒரு சாண் ஆடும். விளிம்பில் சக்கரம் இறங்கினால் திரும்ப ஏறுவதற்குக் கைப்பிடியைத் திருப்புவோம். முன் சக்கரம் தார் விளிம்பில் உரசி வழுக்கும், உடம்பு வலப்பக்கம், அதாவது லாரிப் பக்கம் விழும். விளிம்பிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுங்கள். ஓட்டுநருக்கு நீங்கள் முன்கூட்டியே தெரிவீர்கள், வலது தடத்துக்கு மாறுவார். அவரால் மாற முடியாமல் போனால் இடப்பக்கம் ஒதுங்க உங்களுக்கு ஓர் இடமும் மிச்சம் இருக்கும். தவறிச் சக்கரம் இறங்கிவிட்டால் ஏற முயலாதீர்கள். சரளையிலேயே நேராகப் போய் வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றி நில்லுங்கள்.

இன்னொன்று: முதல் லாரி ஆபத்தில்லை, இரண்டாவதுதான். செம்பனைக் குலை லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று ஒட்டி வரும். முதல் ஓட்டுநர் உங்களைப் பார்த்து வலப்பக்கம் விலகுகிறார். பின்னால் வருகிறவருக்கு அந்த நொடிதான் உங்கள் முதுகு தெரிகிறது. கண்ணாடியில் ஒரு லாரியின் பக்கவாட்டில் இன்னொரு நிழல் தெரிந்தால், யோசிக்காமல் ஓரமாக நிறுத்திவிடுங்கள். அதே லாரிகளிலிருந்து சிந்தும் பழம் வளைவுகளில் நசுங்கிக் கிடக்கும், மழை பெய்தால் எண்ணெய் மிதக்கும். ஜூனில் அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையில் சுமத்ரா காற்றோடு மழை வந்து அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும், ஒதுங்கி நில்லுங்கள்.

இன்றைய பஞ்சர் 61ஆவது கிலோமீட்டரில். பின் டயர், மெல்ல மெல்ல இறங்கும் ரகம். இந்தச் சாலைகளில் ஆணியைவிடக் கம்பித் துணுக்குதான் அதிகம். வெடித்த லாரி டயரின் துண்டுகள் ஓரத்தில் கிடக்கின்றன, அவற்றுக்குள் பின்னியிருக்கும் எஃகு இழை முடி போல உதிர்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழை ஒன்று ரப்பரில் தைத்தால் வெளியே தெரியவே தெரியாது. டியூபை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர் பத்துக் கிலோமீட்டரில் மறுபடி உட்கார்வார்.

டயரின் லேபிள் எப்போதும் வால்வுக்கு நேரே இருக்கும்படி மாட்டி வைப்பது இதற்காகத்தான். டியூபைக் கழற்றிக் காற்றடித்தால், உதட்டருகே வைத்துச் சுழற்றும்போது காற்று படும் இடம் தெரியும். வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால், டயரிலும் லேபிளிலிருந்து அதே தூரம். இன்று ஒன்றேகால் சாண். டியூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம் என்பதால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் டயரை உள்புறம் வெளியே வரும்படி வளைத்தால், கருப்பு ரப்பரில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும். விரலால் தடவக் கூடாது, கீறிவிடும். பஞ்சை ஓடவிட்டால் நார் சிக்கிக்கொள்ளும். நகவெட்டியின் முனையில் கடித்து இழுத்தால் வந்துவிடும். இடுக்கியில் பிடி கிடைக்காது. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம், அதில் தேடுவதற்கு மட்டும் பன்னிரண்டு. வண்டியைச் சாலையின் ஓரத்தில் வைத்து வேலை பார்க்காதீர்கள். ஏதாவது தோட்டத்து மண் பாதை பிரியும் இடம்வரை தள்ளிப் போங்கள்.

இறக்கங்களில் 45க்கு மேல் விட வேண்டாம். ஊர் நெருங்கும் இடங்களில் சாலைக்குக் குறுக்கே தடித்த மஞ்சள் பட்டைகள் வரிசையாக வரும். அதில் பானியர் கொக்கி எகிறிக் கழலும், ஈரமாக இருந்தால் சறுக்கும். பட்டைக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, பட்டையின் மேல் பிரேக்கை விட்டுவிட வேண்டும். வேகத்தில் சுமை வண்டியின் முன்பகுதி கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கினால், கைப்பிடியை இறுக்கினால் இன்னும் மோசமாகும். முழங்காலை மேல் குழாயோடு அழுத்திக்கொண்டு பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். கனமான பொருள் பையின் மேல்பாதியில் இருப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஜெமாலுவாங் சந்திப்பில் கடை, நிழல், தே ஓ (பாலில்லாத தேநீர்). அங்கிருந்து மெர்சிங் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு.

வியாழன்: மெர்சிங் – குளுவாங், சுமார் 95 கி.மீ.

மெர்சிங் தியோமான் படகுக்கான ஊர். கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் படகு நேரம் மாறும். சைக்கிள்காரருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வந்த வழியே ஜெமாலுவாங் வரை திரும்பி, அங்கே வலப்பக்கம் கூட்டரசு சாலை 50. நேற்றைய சாலையின் தம்பி இது. மேடு அதே ரகம், லாரி கொஞ்சம் குறைவு, நிழல் இன்னும் குறைவு. யானைப் பலகைகள் இங்கும் உண்டு. பாதிக்கு மேல் தாண்டிய பிறகு கஹாங். எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குள் போகிறவர்கள் பிரியும் இடம். பாட்டில்களை நிரப்பிக்கொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

முதுகுப்பக்கம் வெயில் என்பதால் காலையில் இந்தத் திசை சுகம். ஆனால் மேற்கே ஓட்டுகிறவரைப் பின்னால் வருகிற ஓட்டுநர் எதிர்வெயில் இல்லாமல் நன்றாகப் பார்ப்பது மதியம்வரைதான். அதற்குப் பிறகு சூரியன் அவர் கண்ணில். ஒரு மணிக்குள் குளுவாங் சேர்ந்துவிடுங்கள். முடியாவிட்டால் பின் விளக்கைப் பகலிலேயே விட்டு விட்டு எரிய வையுங்கள்.

குளுவாங் பழந்தின்னி வௌவாலின் பெயர். ரப்பர் எஸ்டேட் காலத்திலிருந்து தமிழ் புழங்கும் ஊர் என்பதால் தோசைக்கும் சைக்கிள் கடைக்கும் வழி கேட்க மொழி தேட வேண்டியதில்லை. இன்று இரவு செய்ய வேண்டியது: செயினைத் துணியால் துடைத்து எண்ணெய், பின் பிரேக் பேட் அளவு, இரு டயரையும் சுற்றிக் கண்ணாடிச் சில்லு தேடல், கிழிந்த டியூபுக்கு ஒட்டு. ஒட்டு ஈரக் காற்றில் மெதுவாகத்தான் காயும். பசை பளபளப்பு மங்கும்வரை பொறுத்து ஒட்டினால் நிற்கும். நின்ற இடத்தில் அவசரமாக ஒட்டியது வெயிலில் கழன்று வருவதற்குக் காரணம் அந்த இரண்டு நிமிடம்.

வெள்ளி: குளுவாங் – ஆயர் ஹீத்தாம் – உட்லண்ட்ஸ், சுமார் 110 கி.மீ.

ஆயர் ஹீத்தாம் வரை 21 கிலோமீட்டர் விடியற்காலை ஓட்டம். அங்கே பீங்கான் கடைகளைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கூட்டரசு சாலை 1. மாச்சாப், சிம்பாங் ரெங்கம், கூலாய், செனாய், ஸ்கூடாய். பக்கத்திலேயே கட்டண நெடுஞ்சாலை ஓடுவதால் வேகமாகப் போகிறவர்கள் அதில் போய்விடுகிறார்கள். இதில் இருப்பது உள்ளூர் லாரியும் மோட்டார் சைக்கிளும். பெயர்ப் பலகையில் பச்சையைக் கண்டு தவறிப்போய் நெடுஞ்சாலைக்குள் நுழைந்துவிடாதீர்கள், சைக்கிளுக்குத் தடை. சிம்பாங் ரெங்கம் வரை மேடுகள் நீளமாகவும் மென்மையாகவும் இருக்கும். கிழக்குச் சாலைக்குப் பழகிய காலுக்கு இவை மேடாகவே தெரியாது.

வெள்ளி என்பதால் ஒரு குறிப்பு. பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை மலாய்க் கடைகள் மூடியிருக்கும், பள்ளிவாசல்களின் முன்னால் சாலை ஓரம் முழுக்கக் கார்கள் நிற்கும். ஓரப் பட்டை போய்விடும், நின்ற காரின் கதவும் திறக்கும். ஒரு கதவு அகலம் விலகி ஓட்டுங்கள், அல்லது அந்த நேரத்தைக் கூலாயில் சோற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கூலாயிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான கடைசி 30 கிலோமீட்டர் இந்த வழியிலேயே மோசம். மேட்டினால் அல்ல. ஓரத்தில் எதிர்த் திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களால். அடுத்த திருப்பம்வரை சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நேரே வருவார்கள், உங்களைப் பார்த்ததும் இடம் வலம் முடிவெடுக்க மாட்டார்கள். நீங்கள் முடிவெடுங்கள்: ஓரச் சுவரைவிட்டு வலப்பக்கம் விலகாதீர்கள், வேகத்தைக் குறைத்து இடப்பக்கமே நில்லுங்கள், அவர் சுற்றிப் போவார். வடிகால் மூடிகளின் இடைவெளி சில இடங்களில் ஓட்டத் திசையிலேயே இருக்கிறது. 32 டயர்கூட இறங்கும்.

தம்போய் தாண்டி, டங்கா பே கடலோரமாக வந்தால் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஊர் தெரியும். நாலரைக்குச் சோதனைச் சாவடி என்றால் உள்ளே வரும் பக்கம் இலகு. எதிர்ப்பக்கம் வெள்ளி மாலைக் கூட்டம் பாலத்தை நிறைத்திருக்கும். பையில் சூயிங்கம் இருந்தால் ஜோகூரிலேயே விட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் ரோட்டில் ஏறியதும் செய்யத் தோன்றாத, ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வண்டியை இன்று இரவே கழுவுவது. செம்மண்ணும் வியர்வை உப்பும் சேர்ந்து ஒரே வாரத்தில் போல்ட் தலைகளைத் துரு பிடிக்க வைக்கும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் சக்கர அச்சுக்குள் மண் போய்விடும். வாளியும் துணியும் போதும். பின் பேட் 1.1 மில்லிமீட்டர், முன் பேட் 1.4. இரண்டும் கிளம்பும்போது புதிது.